கைநாட்டு வைக்காத இருவர்

1

இந்தியானா மாநிலத்தின் இந்தச் சிற்றூருக்கு நான் வந்து மூன்று ஆண்டுகள் நிறைந்த அன்று, கல்லூரி அலுவலகத்தின் தபால் அடுக்கில் என் பெயருக்கு ஒரு நீள உறை கிடந்தது. அதன் ஓரத்தைத் தணிக்கையாளர் கத்தரித்துப் படித்துவிட்டுக் காகிதப் பட்டையால் மறுபடி ஒட்டியிருந்தார். போர் தொடங்கியது முதல் ஊர்க் கடிதங்கள் யாவும் இவ்வாறே வருகின்றன. எனக்கு முன்பே முகமறியாத ஒருவருக்கு எங்கள் வீட்டுச் செய்தி தெரிந்துவிடுகிறது.

உறைக்குள் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று அண்ணன் கோதண்டன் தமிழில் எழுதியது. மற்றது ஆங்கிலத்தில் அச்சடித்த சர்க்கார் படிவம். பெயர், சர்வே எண், தேதி ஆகியவை மட்டும் மையால் நிரப்பப்பட்டிருந்தன. பெயர் நாங்கள் நைனா என்று அழைக்கும் எங்கள் தகப்பனாருடையது.

அண்ணன் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "இத்துடன் இருக்கும் காகிதம் தாலுகா கச்சேரியிலிருந்து வந்தது. கர்ணம் தாமே படித்துச் சொல்வதாகக் கேட்டார். நைனா கொடுக்கவில்லை. நீ படித்து, என்ன எழுதியிருக்கிறது என்று தெரிவிக்கவும். அதுவரை கைநாட்டு வைப்பதில்லை என்று நைனா சொல்லிவிட்டார்."

நான் படித்தேன். பருத்திப்பட்டு ஏரியை ஒட்டிய எங்கள் நிலமும் அதன் ஓரத்தில் இருக்கும் வீடும் பட்டாளத்துக்குத் தேவைப்படுகின்றன. ஆட்சேபம் இருப்பவர்களும், மாற்று மனை வேண்டுபவர்களும், தாள் கிடைத்த முப்பது நாட்களுக்குள் நேரிலோ ஆள் மூலமாகவோ கச்சேரிக்கு வர வேண்டும். படிவத்தில் இருந்த தேதி ஏப்ரல் மாதத்தின் முதல் வாரத்துக்கு உரியது. நான் படித்தது செப்டம்பரில்.

2

கச்சேரியின் காகிதத்தைக் கடல் கடந்து அனுப்பி, அதன் பொருள் என்னவென்று கேட்கும் குடும்பத்தை எண்ணி வாசகர்கள் சிரிக்கக்கூடும். அந்தச் சிரிப்பு எனக்கு உரியது. அவ்வாறு செய்யச் சொன்னவள் நான்.

பூந்தமல்லியில் பள்ளிக்குச் சென்ற நாட்களில், ஊரில் எவர் கையில் ஆங்கில எழுத்துள்ள தாள் கிடைத்தாலும் அது எங்கள் வீட்டுக்கு வரும். மருந்துச் சீசாவின் ஒட்டுத்தாள், ரயில் ரசீது, விதைப் பொட்டலத்தின் உறை எல்லாமே வரும். நான் கைகால் கழுவும் வரை கொண்டுவந்தவர் காத்திருப்பார். எனக்குப் பதினான்கு வயதான ஆண்டில் சித்தப்பா ஒரு தாளோடு வந்தார். அதில் அவருடைய கட்டைவிரல் ரேகை இருந்தது.

"இன்னாம்மா எழுதிகீது?" என்று கேட்டார்.

"கெணத்து மேட்டு நெலத்த நீங்க வித்துட்டதா எழுதிகீது சித்தப்பா."

"விக்கலியே. தண்ணி பாய்ச்சற மொறைக்குத்தான கைநாட்டு வெச்சேன். கர்ணம் அப்டித்தான் படிச்சாரு."

நைனா கயிறு திரித்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமல் கேட்டார்: "வெக்கறதுக்கு முன்னால பொண்ணாண்ட காட்டினா இன்னாடா கெட்டுப்போச்சு?"

"பொண்ணு பள்ளிக்கூடம் போயிருந்துச்சி. சாய்ங்காலம் வரிக்கும் அந்த மனுசன ஊட்ல குந்த வெச்சிகினு இருக்க சொல்றியா?"

"குந்த வெச்சிருந்தா நெலம் இருந்திருக்கும்."

சித்தப்பா அந்த நிலத்தை மீட்கவில்லை. பிறகு அவர் தம் நிலமாக இருந்த இடத்திலேயே கூலிக்கு நாற்று நட்டதை நான் பள்ளிக்குப் போகும் வழியில் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் அந்தச் செய்தியை எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

சென்னைக் கல்லூரியில் பி.ஏ. முடித்த பின், என் ஆசிரியை ஒருவரின் முயற்சியால் இங்கே இலக்கியம் படிக்க உதவிச் சம்பளம் கிடைத்தது. புறப்படும் நாளில் நைனாவிடம் நான் கூறியது ஒன்றே ஒன்று. அதை மூன்று முறை கூறினேன். "நான் படிக்காம எந்தக் காகிதத்துலயும் கைநாட்டு வெக்காதீங்க."

"நீதான் சீமைக்குப் போறியே."

"தபால்ல அனுப்புங்க நைனா. படிச்சி எழுதறேன்."

வண்டி பூட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் இதைக் கேட்டு, "தோ பார்றா, ஏழுமலைக்கு வக்கீலு அமெரிக்காவுல கீறாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அதில் சற்றுப் பெருமையும் இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். அன்று கப்பல் தபால் ஐந்து அல்லது ஆறு வாரங்களில் போய்ச் சேரும். அந்தக் கணக்கை நம்பியே அந்தச் சொல்லைச் சொன்னேன். கடலில் கப்பல்களை மூழ்கடிக்கும் காலம் வரும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

3

இங்கே என் உணவுக்கும் உறையுளுக்கும் ஈடாக, நாள்தோறும் பிற்பகல் இரண்டு மணி நேரம் கல்லூரி நூலகத்தில் பணி செய்கிறேன். எங்கள் பேராசிரியர் ஒருவர், இந்த மாநிலத்தின் ஒரே ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டு அதன் ஆவணங்களைத் தொகுத்து வருகிறார். அந்த ஆண்டு 1838. மங்கிய கையெழுத்துக் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் தட்டச்சுப் படியாக்குவது என் வேலை. ஓர் எழுத்தும் மாறக் கூடாது. எழுதியவரின் பிழைகளும் அப்படியே நிற்க வேண்டும். இந்த வேலை எனக்குப் பொருந்தியது.

அந்த ஆண்டின் இளவேனிலில் இந்த மாநிலம் தன்னைப் பற்றிப் பெரிதாக எண்ணிக்கொண்டிருக்கிறது. கால்வாய்கள் வெட்டுகிறார்கள், சாலைகள் அமைக்கிறார்கள். கோடையில் மழை பொய்க்கிறது. ஓடைகள் வறள்கின்றன, காய்ச்சல் பரவுகிறது. வடக்கே இரட்டை ஏரிக்கரையில் பொட்டவாட்டமி என்னும் பழங்குடியினர் வாழ்கிறார்கள். மரத்தால் கட்டிய வீடுகளும், சோளக் கொல்லைகளும், சிறு தேவாலயம் ஒன்றும் அவர்களுக்கு உண்டு. அந்த நிலத்தை விற்றுவிட்டதாக ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. வேறு தலைவர்கள் அதில் கையெழுத்துக்கு ஈடாகக் குறி இட்டிருக்கிறார்கள். அங்கே குடியிருக்கும் தலைவர் இடவில்லை. கெடு ஆகஸ்டில் முடிகிறது. அது முடிவதற்கு முன்பே வெள்ளைக் குடியேறிகள் வந்து நிலத்தை அளக்கிறார்கள்.

அந்தத் தலைவர் குறி இட மறுத்ததைச் சொல்லும் பக்கங்களை நான் சென்ற குளிர்காலத்தில் படியெடுத்தேன். மகிழ்ச்சியோடு எடுத்தேன் என்றே சொல்ல வேண்டும். நூலகப் பொறுப்பாளர் மிஸ் ஆப்பிள்கேட், ஐம்பது வயதைக் கடந்தவர், வீண்பேச்சு இல்லாதவர். அவரிடம், "என் தகப்பனாரும் இப்படித்தான். கைநாட்டு வைக்கமாட்டார்" என்றேன்.

"வைக்காததால் இந்த மனிதருக்கு என்ன கிடைத்தது?" என்று கேட்டார்.

"நூறு ஆண்டு கழித்தும் நாம் அவரைப் பற்றிப் பேசுகிறோமே."

"அது நமக்குக் கிடைத்தது" என்று கூறிவிட்டு அவர் தம் அட்டைகளை அடுக்கத் தொடங்கினார்.

ஊர்க் கடிதம் வந்த வாரத்தில் என் மேசைமேல் இருந்தவை ஆகஸ்டு மாத இறுதிக்கும் செப்டம்பர் மாதத்துக்கும் உரிய தாள்கள். ஆயுதம் தாங்கியோர் தேவாலயத்தைச் சூழ்கிறார்கள். தலைவரைப் பிடித்து, கம்பியடித்த வண்டியில் ஏற்றுகிறார்கள். வீடுகளை அழிக்கிறார்கள். எண்ணூறுக்கும் மேற்பட்டோரை மேற்கே நடத்திச் செல்கிறார்கள். உடன் சென்ற எழுத்தர் ஒருவர் நாட்குறிப்பு வைத்திருக்கிறார். எத்தனை மைல் நடந்தோம், தண்ணீர் கிடைத்ததா, எங்கே தங்கினோம் என்று எழுதும் அதே மையால், அதே அளவு எழுத்தில், அன்று ஒரு குழந்தை இறந்ததையும் எழுதுகிறார். மறுநாள் மைல்கள், தண்ணீர். அதற்கு மறுநாள் மேலும் ஒரு குழந்தை. இரண்டு மாதங்கள் இப்படிச் செல்கின்றன. இறந்தோர் நாற்பதுக்கும் மேல். பெரும்பாலோர் சிறுவர்.

நான் தட்டச்சை நிறுத்தியிருந்தேன். மிஸ் ஆப்பிள்கேட் அருகில் வந்து நின்றிருந்தார். உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். நான் பேசியது தமிழ் என்பது சற்றுக் கழித்தே எனக்கு உறைத்தது.

4

இடையே ஒன்றைக் கூற வேண்டும். நான் வந்த மறு ஆண்டு, இந்நாட்டில் உள்ள அயலார் எல்லோரும் தபால் அலுவலகத்துக்குச் சென்று பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தது.

எழுத்தர் இளைஞர். "பிறந்த நாடு?" என்றார்.

"இந்தியா."

"எந்த நாட்டின் குடி?"

"பிரிட்டிஷ் ஆளுகைக்கு உட்பட்டவள்."

"அப்படியென்றால் நீங்கள் ஆங்கிலேயரா?"

"இல்லை."

அவர் பேனாவை வைத்துவிட்டு, "இதோ பாருங்கள் அம்மா, நான் ஒன்றைத்தான் எழுத முடியும்" என்றார். எதை எழுதினாரோ தெரியாது. பின்பு என் விரலைப் பிடித்து மையில் உருட்டி அட்டையில் பதித்தார். படிவத்தை முழுவதும் படித்தீர்களா என்று அவர் கேட்கவும் இல்லை. நான் படிக்கவும் இல்லை. வரிசையில் எனக்குப் பின்னால் பலர் நின்றார்கள். மறுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

5

முதல் கடிதம் வந்த பதினோராம் நாள் இரண்டாவது கடிதம் வந்தது. இரண்டுக்கும் இடையே ஊரில் நான்கு மாதங்கள் கழிந்திருந்தன. கப்பல்கள் வருகிறபோது சேர்ந்து வருகின்றன.

வீடு இல்லை என்று அண்ணன் எழுதியிருந்தார். ஆனி மாதம் லாரிகள் வந்தன. ஏரிக்கரைப் பக்கம் முள்கம்பி போட்டுவிட்டார்கள். கச்சேரிக்குப் போய்க் கைநாட்டு வைத்த குடும்பங்களுக்கெல்லாம் மனை அளந்து கொடுத்தாயிற்று. நைனா மட்டும் போகவில்லை. இப்போது கள்ளிக்குப்பத்தில் அம்மாவின் உறவினர் ஒருவருடைய மாட்டுக் கொட்டகையில் பாதியைத் தட்டி வைத்து மறைத்துக் குடியிருக்கிறார்கள். மழை பெய்தால் மாட்டை நகர்த்திவிட்டு அந்தப் பக்கம் படுக்கிறார்கள். அண்ணன் பட்டாளத்துக் கிடங்கில் மூட்டை தூக்குகிறார். கிடங்கு கட்டுவது எங்கள் நிலத்தின் மீது என்பதை அவர் ஒரு வரியில் எழுதி, அடுத்த வரியில் மாட்டுக்குக் கோமாரி என்று எழுதியிருந்தார்.

அவர் மகள் செல்லம்மாவுக்கு நான் புறப்பட்டபோது மூன்று வயது. இப்போது கம்பி ஓரம் நின்று, சிப்பாய்கள் பேசும் ஆங்கிலத்தைத் திருப்பிச் சொல்லி ரொட்டி வாங்கித் தின்கிறாளாம். "என்ன சொல்கிறாள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. நல்ல வார்த்தையா என்று நீ வந்தால்தான் தெரியும்" என்று எழுதியிருந்தார். ஐந்தாறு சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியும் இருந்தார். அவற்றுள் ஒன்றுகூட நல்ல வார்த்தை இல்லை.

கடிதத்தின் முக்கியமான பகுதி கடைசியில் இருந்தது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மொழிபெயர்ப்பாளரோடு கள்ளிக்குப்பத்துக்கே வந்திருக்கிறார். மொழிபெயர்ப்பாளருக்கும் நைனாவுக்கும் நடந்த பேச்சை அண்ணன் அப்படியே எழுதியிருந்தார்.

"பெரியவரே, ஒரு விரல வெச்சா ஒரு மனை. இன்னும் எதுக்கு அடம் பிடிக்கிற?"

"காகிதத்த எம் பொண்ணுக்கு அனுப்பிகீறேன். அது படிச்சி எழுதட்டும்."

"உம் பொண்ணு எங்க கீது? ஆவடியா, ஆலந்தூரா?"

"அமெரிக்காவுல."

மொழிபெயர்ப்பாளர் அதைத் துரைக்குச் சொன்னதும் துரை சிரித்தாராம். கூடியிருந்தவர்களும் சிரித்தார்களாம். ஆனாலும் துரை நல்லவர் என்று அண்ணன் எழுதியிருந்தார். நைனா பேருக்கு ஒரு மனையைத் தை மாதக் கடைசி வரை நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு அது வேறு ஆளுக்குப் போய்விடும். பட்டா நைனா பேரில் இருப்பதால் அவர் விரல்தான் வேண்டும். "நான் சொன்னால் கேட்கவில்லை. அம்மா சொன்னாலும் கேட்கவில்லை. நீ சீக்கிரம் எழுது."

6

கடிதம் சேர ஐந்து மாதங்கள் ஆகலாம். தை முடிய நான்கு மாதங்கள்.

மிஸ் ஆப்பிள்கேட் என்னைத் தந்தி அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றார். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். தந்தி எழுத்தர் தாளைத் திருப்பித் தள்ளினார். போர்க்கால விதியின்படி, புரியாத மொழியில் தந்தி அனுப்ப இயலாது என்றார். ஆங்கிலத்தில் எழுதினேன்: கட்டைவிரல் ரேகை வையுங்கள், மனையைப் பெற்றுக்கொள்ளுங்கள், ருக்குமணி.

அவர் படித்தார். "கட்டைவிரல் என்பது எதைக் குறிக்கிறது?"

"கட்டைவிரலை."

"வேறு உட்பொருள் எதுவும் உண்டா?"

"இல்லை."

அவர் உள்ளே போய் மேலதிகாரியோடு பேசிவிட்டு வந்தார். மிஸ் ஆப்பிள்கேட் தம் கையுறையைக் கழற்றிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, "இந்தப் பெண்ணின் தகப்பனாருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அவ்வளவுதான் செய்தி" என்றார். தந்தி போயிற்று.

அன்று மாலையே நைனாவுக்குத் தமிழில் விரிவான கடிதம் ஒன்றும் எழுதினேன். படிவத்தின் ஒவ்வொரு வரியையும் பெயர்த்தேன். முப்பது நாள் என்று இருந்ததை முப்பது நாள் என்றே எழுதினேன். அதை எழுதும்போது, இந்தத் தாளைக் கர்ணமே படித்திருந்தாலும் இந்த ஒரு முறை உண்மையையே சொல்லியிருப்பார் என்பது புலப்பட்டது. அதையும் எழுதினேன். படியெடுத்து மூன்று உறைகளில் வைத்து, வாரத்துக்கு ஒன்றாக மூன்று கப்பல்களுக்கு அனுப்பினேன்.

பிறகு 1838க்குத் திரும்பினேன். நவம்பர் மாதத்தில் அவர்கள் கான்சாஸ் பகுதிக்குப் போய்ச் சேர்கிறார்கள். தருவதாகச் சொன்ன வீடுகள் அங்கே இல்லை. குளிர் தொடங்கிவிட்டது. எழுத்தர் தம் நாட்குறிப்பை முடித்துக்கொண்டு இந்தியானாவுக்குத் திரும்புகிறார். அந்தத் தலைவர் அதன் பிறகு நெடுநாள் வாழவில்லை என்று பேராசிரியர் கூறினார். அவருக்குக் குறி இடும் வாய்ப்பை யாரும் இரண்டாம் முறை அளித்ததாக எந்தத் தாளிலும் இல்லை.

7

சென்ற வாரம் அண்ணனின் மூன்றாவது கடிதம் வந்தது. கார்த்திகையில் எழுதியது. உறையைப் பிரித்ததும் நான்காக மடித்த தந்தி ஒன்று விழுந்தது. நான் அனுப்பிய தந்தி.

தபால் சேவகர் அதைக் கொடுத்துப் படித்தும் காட்டியிருக்கிறார். நைனா நம்பவில்லை. அண்ணன் அதை வானகரத்தில் ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் எடுத்துச் சென்றிருக்கிறார். அவரும் அதையே சொல்லியிருக்கிறார். செய்தி அறிந்து கர்ணம் வந்திருக்கிறார்.

"பாத்தியா ஏழுமல, உம் பொண்ணே சொல்லிட்டுது. இனிமேலாவது வந்து விரல வை."

கர்ணம் அப்படிச் சொன்னதுதான் கெடுத்தது. அவர் போன பிறகு நைனா அண்ணனிடம் பேசியிருக்கிறார்.

"எம் பொண்ணு வெக்காதன்னுதான் சொல்லும். வையின்னு எந்தக் காலத்துலயும் சொல்லாது."

"தந்தியில பேர் போட்டுகீது நைனா."

"பேர் யார் வோணா போடலாம். எனக்கு இங்கிலீசு தெரியாதுன்னு அதுக்குத் தெரியாதா? எனக்கு எதுக்கு அது இங்கிலீசுல எழுதப்போவுது? இது கர்ணம் பண்ற வேல. இந்தக் காகிதத்தயும் அதாண்டயே அனுப்பு. படிச்சி சொல்லட்டும்."

எனவே அண்ணன் அனுப்பியிருக்கிறார். அவர் எழுதும் வரையில் என் தமிழ்க் கடிதங்கள் மூன்றில் ஒன்றும் அங்கே சேரவில்லை. சேரும் நாளும் அப்போது வந்திருக்கவில்லை. இன்றைக்காவது அவை சேர்ந்தனவா, கடலடியில் கிடக்கின்றனவா என்று எனக்குத் தெரியாது. தை முடிந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. அந்த மனை இன்னும் இருக்கும் என்று நான் நம்பவில்லை. சர்க்கார் அலுவலகங்களில் சில தாள்கள் அடியில் சிக்கி மறக்கப்படுவது உண்டு. அது ஒன்றுதான் வழி.

இந்தக் குறிப்புகளை வெளியிட இசைந்த பத்திரிகை ஆசிரியருக்கு நன்றி. எங்கள் வீட்டுச் செய்திகளை அச்சில் வைப்பது என் இயல்பு அன்று. இதைப் படிப்பவர்களுள் அம்பத்தூர்ப் பக்கத்தவர் எவரேனும் இருந்தால், கள்ளிக்குப்பத்துக்குச் சென்று, பருத்திப்பட்டிலிருந்து வந்த ஏழுமலை எங்கே என்று விசாரியுங்கள். மாட்டுக் கொட்டகையில் இருப்பார். கீழே உள்ளதை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். எவர் படித்தாலும் அவர் சந்தேகிப்பார். ஆகையால் கர்ணத்துக்கோ, அண்ணனுக்கோ, அம்மாவுக்கோ தெரியாத ஒன்றைச் சேர்த்திருக்கிறேன்.

நைனா, நான் ஊர விட்டுப் பொறப்பட்ட அன்னிக்கி, ஆவடி ஸ்டேஷன்ல, தண்ணி புடிச்சாறேன்னு கூஜாவ எடுத்துகினு போனீங்க. கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால நின்னுகினு ரொம்ப நேரம் கழிச்சி வந்தீங்க. கண்ணு செவந்திருந்துச்சி. கூஜாவுல தண்ணி இல்ல. எல்லாரும் பாத்துகினு இருந்தாங்கன்னு, நான் அந்த வெறுங்கூஜாவ அண்ணாந்து குடிச்சேன். நீங்களும் பாத்துகினு நின்னீங்க. ரெண்டு பேரும் ஒண்ணும் சொல்லிக்கல.

இது நான்தான். காகிதத்த படிச்சிட்டேன். கைநாட்டு வெச்சிடுங்க நைனா.